உப்பைத் தின்னும் உயிர் இல்லை

அரக்கோணம் தோல் ஊர் அல்ல, ரயில் ஊர். 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடிய தென்னிந்தியாவின் முதல் ரயில் இந்த வழியாகத்தான் போனது. அதே தடத்தில் மேற்கே போகப் போகத் தோல் ஊர்கள் வந்துவிடும்: இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது அரக்கோணமும் இராணிப்பேட்டை மாவட்டத்துக்குள் வந்தது. ஆனால் மாவட்ட எல்லையைவிடப் பழைய உறவு ஒன்று உண்டு. வாலாஜாவுக்கு அருகே பாலாற்று அணைக்கட்டில் பிரியும் கால்வாய்கள், அரக்கோணத்துக்கு மேற்கே உள்ள காவேரிப்பாக்கம் ஏரியையும் மகேந்திரவாடி ஏரியையும் தேடி வருகின்றன. மேற்கே ஆற்றுக்கு நேர்வது கிழக்கே உள்ள ஏரிக்கும் வயலுக்கும் வந்து சேரும்.

பாலாற்றங்கரையின் தோல் கழிவைப் பற்றி நாற்பது ஆண்டுகளாகப் பேசி வருகிறோம். கிணறு உப்பானது, நெல் கருகியது, நீதிமன்றம் என்ன சொன்னது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்தக் கழிவுக்குள்ளேயே பிறந்து, அதையே தின்று, அதிலேயே மடிகிற நுண்ணுயிர்களைப் பற்றி மட்டும் அதிகம் பேசுவதில்லை. சுத்திகரிப்பு நிலையம் என்று நாம் சொல்வதில் பாதி வேலையைச் செய்பவை அவைதான். அவற்றை ஒரே கூட்டமாக, ஒரே வேலையாளாகக் கருதுவது நம் வழக்கம். உண்மையில் அது நூற்றுக்கணக்கான இனங்கள் நெருக்கியடித்து வாழும் குடியிருப்பு. யார் யாருக்கு உதவுவார், யார் யாரைக் கொல்வார் என்பதைத் தீர்மானிப்பதில் சூழலின் கடுமைக்குப் பெரும் பங்கு உண்டு. இந்தக் கட்டுரையின் விஷயம் அதுதான்.

முதலில் கடுமை என்னவென்று பார்ப்போம். உரித்த தோல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். அதைத் தடுக்கத் தோலின் எடையில் ஏறத்தாழ 40 சதவீதம்வரை உப்புப் போடுகிறார்கள். ஆலைக்கு வந்ததும் ஊறவைத்து அந்த உப்பைக் கழுவி வெளியேற்றுகிறார்கள். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் போட்டு மயிர் நீக்குவார்கள். அம்மோனியம் உப்புகளால் சுண்ணாம்பைப் போக்குவார்கள். அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறப்போடுவார்கள். பிறகு டிரம்மில் குரோமியம் சல்பேட்டோடு உருட்டினால் தோல் நீலம் பாய்ந்து வரும். வழக்கமான முறையில், போட்ட குரோமியத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தோலில் ஏறாமல் தண்ணீரோடு போய்விடும். ஆகக் கழிவுத் தொட்டிக்குள் வந்து விழும் ஒரு பாக்டீரியா உப்பு, சல்பைடு, அம்மோனியா, சல்பேட், குரோமியம் ஆகிய அத்தனையையும் ஒருங்கே சந்திக்கிறது. கூடவே புரதமும் கொழுப்புமாக ஏராளமான உணவும் மிதக்கிறது. நஞ்சும் விருந்தும் ஒரே இலையில் பரிமாறப்பட்ட இடம் அது.

இப்படிப்பட்ட இடத்தில் அண்டை வீட்டார் ஒத்துப்போவார்களா, அடித்துக்கொள்வார்களா?

சூழலியலில் இதற்கு ஒரு புகழ்பெற்ற விடை உண்டு. 1994இல் மார்க் பெர்ட்னெஸ், ரேகன் கேலவே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், சூழல் கடுமையாகக் கடுமையாக உயிர்களுக்கிடையே போட்டி குறைந்து உதவி கூடும் என்ற கருத்தை முன்வைத்தார்கள். அவர்கள் பேசியது முதன்மையாகச் செடிகளைப் பற்றி. பெர்ட்னெஸ் பணிசெய்த கடலோர உவர்நிலங்களில், வெற்று மண்ணின் மீது வெயில் விழுந்து நீர் ஆவியாகி உப்பு மேலே பூக்கும். அங்கே ஒரு செடி முளைத்து நிழல் விரித்தால் மண்ணின் உவர்ப்புத் தணியும். பக்கத்தில் இன்னொரு செடி பிழைக்கும். நல்ல மண்ணில் அதே இரண்டும் ஒளிக்கும் இடத்துக்கும் முட்டி மோதும். ஆம்பூர்ப் பக்கம் உவர் பூத்த நிலத்தில் எதையாவது நட்டு உயிர்ப்பிக்க முயன்ற விவசாயிக்கு இது புதிய செய்தியாக இராது.

நுண்ணுயிர்களுக்கும் இது பொருந்துமா என்று சோதித்தவர்களில் சுவிட்சர்லாந்தின் லோசான் பல்கலைக்கழகத்தில் சாரா மித்ரியின் குழு முக்கியமானது. 2019இல் வெளிவந்த அவர்களது ஆய்வு, உலோகம் கடையும் பட்டறைகளில் பயன்படும் ஒருவகை எண்ணெய்த் திரவத்தை எடுத்துக்கொண்டது. அதுவும் ஒரு தொழிற்சாலைக் கழிவு. அதுவும் பாக்டீரியாவுக்கு நஞ்சு, அதேசமயம் உணவு. நான்கு இனப் பாக்டீரியாக்களை அதில் தனித்தனியாக விட்டபோது பெரும்பாலானவை தேய்ந்து அழிந்தன. சேர்த்து விட்டபோது, தனியே நிற்க முடியாதவையும் பிழைத்தன. ஒன்று நஞ்சைக் குறைக்க, மற்றவை அந்த நிழலில் வாழ்ந்தன. பிறகு அதே திரவத்தில் அமினோ அமிலங்களைச் சேர்த்து வாழ்க்கையை எளிதாக்கினார்கள். உதவி மறைந்தது, போட்டி தலைதூக்கியது. உறவு என்பது அந்த இனங்களின் பிறவிக் குணம் அல்ல, அவை நிற்கும் இடத்தின் குணம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிய சோதனைகள் குறைவு.

இதைப் படித்துவிட்டு, நஞ்சு கூடினால் ஒற்றுமை கூடும் என்று பாலாற்றங்கரைக்கும் அப்படியே தீர்ப்பு எழுதிவிட ஆசை வரும். அப்படி எழுத முடியாது என்பதே என் வாதம். எவ்வளவு கடுமை என்பதைவிட எந்தக் கடுமை என்பதே பெரிய கேள்வி. இந்தப் பகுதியின் இரு பெரும் துன்பங்களான குரோமியத்தையும் உப்பையும் எதிரெதிரே வைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

குரோமியத்தை எடுத்துக்கொள்வோம். டிரம்மில் போடுவது மூவிணைதிறக் குரோமியம். ஒப்பளவில் சாது, நீரில் எளிதில் நகராது. கொடியது ஆறிணைதிறக் குரோமியம் எனப்படும் குரோமேட். இராணிப்பேட்டையில் 1970களில் தொடங்கி 1990களின் நடுவில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் நிறுவனம், தோல் தொழிலுக்கான இந்த ரசாயனங்களைத் தயாரித்தது. அது விட்டுச்சென்ற லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவு திறந்தவெளியில் கிடந்தது. மழை பெய்தால் மஞ்சளாக நீர் கசிந்தது. 2006இல் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிடியூட் வெளியிட்ட, உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களின் பட்டியலில் இராணிப்பேட்டை இடம்பெற்றது.

குரோமேட், வடிவத்தில் சல்பேட்டைப் போலவே இருக்கும். சல்பேட் எல்லா உயிரணுவுக்கும் வேண்டிய சத்து. ஆகவே பாக்டீரியா சல்பேட்டுக்கென்று வைத்திருக்கும் வாசல் வழியாகவே குரோமேட் உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளே போனதும் மரபுப்பொருளையும் புரதங்களையும் சிதைக்கிறது. இதைச் சமாளிக்கப் பாக்டீரியாக்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, உள்ளே வந்ததை ஒரு புரதப் பம்பு வைத்து வெளியே இறைத்துவிடுவது. இரண்டாவது, குரோமேட்டுக்கு எலெக்ட்ரான்களைக் கொடுத்து அதைச் சாதுவான மூவிணைதிற வடிவமாக மாற்றுவது. குரோமேட்டை இப்படி மாற்றும் பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்து 1977இலேயே சோவியத் ஆய்வாளர்கள் அறிவித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இத்தகைய எத்தனையோ இனங்கள் தோல் கழிவுகளிலிருந்தே எடுக்கப்பட்டிருக்கின்றன.

இந்த இரண்டு வழிகளும் தனி உயிரணுவுக்கு ஒரே பலனைத் தருவதுபோல் தோன்றும். ஊருக்குத் தரும் பலனில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பம்பு வைத்திருப்பது தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. நஞ்சு அப்படியே வெளியே இருக்கிறது. மாற்றிவிடுவது தன்னோடு சேர்த்து அக்கம்பக்கத்தையும் காப்பாற்றுகிறது. அதிலும் மாற்றம் உயிரணுவுக்கு வெளியே நடந்தால் பலன் முழுக்கப் பொதுவானது. சல்பேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் வெளியிடும் ஹைட்ரஜன் சல்பைடு, இரும்பைச் சுவாசிக்கும் பாக்டீரியாக்கள் உண்டாக்கும் கரையும் இரும்பு ஆகிய இரண்டும் குரோமேட்டைத் தொட்ட மாத்திரத்தில் அடக்கிவிடக்கூடியவை. அவை குரோமேட்டுக்காக அந்த வேலையைச் செய்யவில்லை. தம் மூச்சை விடுகின்றன. அந்த மூச்சில் ஊர் பிழைக்கிறது.

உதவிக்கு விலையும் உண்டு. உயிரணுவுக்குள்ளேயே குரோமேட்டை மாற்றும்போது இடையில் தோன்றும் நிலையற்ற வடிவங்கள், மாற்றுகிற உயிரணுவையே சுடும். அப்படியிருக்க, மாற்றாமல் சும்மா இருந்து பலனை மட்டும் அனுபவிக்கும் அண்டை இனம் வேகமாகப் பெருகாதா? பெருகும். செம்பு நஞ்சில் இதை நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். 2014இல் இங்கிலாந்தில் ஷிவோன் ஓபிரையன் குழு செய்த ஆய்வில், சூடோமோனாஸ் பாக்டீரியா வெளியே சுரந்த ஒரு பொருள் செம்பைப் பிடித்து முடக்கியது. சுரக்காத வகையும் அந்தப் பலனைப் பெற்றது. ஆகப் பொதுநலம் தானாக நிலைத்துவிடாது. நஞ்சு தொடர்ந்து இருக்கிற வரையிலும், உதவுபவர்கள் கொத்துக் கொத்தாக ஒட்டி வாழ்ந்து தம் பலனைத் தம்மவருக்கே முதலில் கிடைக்கச் செய்கிற வரையிலுமே அது நிலைக்கும். கசடு திரளாகச் சேர்வதும், கல்லில் வழுக்கலாகப் படர்வதும் இந்த வகையில் பாதுகாப்பு ஏற்பாடுகள்.

இன்னொரு திருப்பமும் இருக்கிறது. குரோமியம் அடங்கிவிட்டது என்று நிம்மதி அடைபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். மாங்கனீசை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியாக்கள் மண்ணில் உண்டு. அவை உண்டாக்கும் மாங்கனீசு ஆக்சைடு, சாதுவான குரோமியத்தைத் திரும்பவும் குரோமேட் ஆக்கவல்லது. மண்ணில் இந்தத் தலைகீழ் மாற்றம் நடப்பதை பார்ட்லெட், ஜேம்ஸ் என்ற மண்ணியலாளர்கள் 1979இல் காட்டினார்கள். ஒரு இனத்தின் மூச்சு அடக்கியதை இன்னொரு இனத்தின் மூச்சு எழுப்பிவிடுகிறது. ஈரமான, காற்றில்லாத சேற்றில் முதல் கூட்டம் மேலோங்கும். காய்ந்து காற்றுப்படும் மண்ணில் இரண்டாவது கூட்டம். மழைக்கு நனைந்து கோடைக்கு வெடிக்கும் பாலாற்றுச் சமவெளியில் இரண்டுக்கும் இடமிருக்கிறது.

எப்படியிருந்தாலும் குரோமியம் ‘யாராவது ஒருவர் தீர்த்துவைக்கக்கூடிய’ துன்பம். உப்பு அப்படியல்ல. சோடியத்தையும் குளோரைடையும் உண்டு அழிக்கும் உயிர் உலகில் எதுவுமில்லை. எந்த நொதியும் உப்பை வேறொன்றாக மாற்றிவிட முடியாது. உயிரணு செய்யக்கூடியதெல்லாம் தன்னைக் காத்துக்கொள்வதுதான். சில இனங்கள் வெளியே உள்ள சோடியத்துக்கு ஈடாக உள்ளே பொட்டாசியத்தை நிரப்பிக்கொள்கின்றன. பெரும்பாலானவை எக்டாயின், கிளைசின் பீட்டைன் போன்ற கரிமப் பொருள்களைத் தயாரித்து உள்ளே சேர்த்துவைக்கின்றன. இரண்டாவது வழிக்குச் செலவு அதிகம். உணவிலிருந்து கிடைக்கும் ஆற்றலில் பெரும் பங்கு அதற்கே போய்விடும்.

ஆற்றல் கணக்கு என்று வந்துவிட்டால் ஏழைகள்தான் முதலில் விழுவார்கள். ஜெருசலேமின் ஹீப்ரு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அஹரோன் ஓரன் 1999இல் இதை விரிவாக விளக்கினார். எந்த வேதிவினையில் குறைந்த ஆற்றல் கிடைக்கிறதோ அந்த வினையை நம்பி வாழும் இனங்கள், உப்பு ஏறும்போது முதலில் காணாமல் போகின்றன. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் இனங்கள் அப்படிப்பட்டவை. இவை இருவராகச் சேர்ந்து வேலை செய்கின்றன: முதலாமவரின் கழிவே இரண்டாமவரின் உணவு. நைட்ரைட் தேங்கினால் அது நஞ்சு. இரண்டாமவர் அதை உண்டுகொண்டே இருப்பதால்தான் தொட்டி நலமாக இருக்கிறது. மயிரும் புரதமும் சிதைவதாலும் சுண்ணாம்பு நீக்கும் உப்புகளாலும் தோல் கழிவில் அம்மோனியா மிகுதி. அந்த வேலையைச் செய்யவேண்டிய இணையே உப்புக்கு முதலில் பலியாகிறது.

உப்பிலும் உதவியே இல்லையா என்றால், ஓரளவு இருக்கிறது. ஒரு உயிரணு செத்து உடையும்போது அது சேர்த்துவைத்த கிளைசின் பீட்டைன் வெளியே கொட்டுகிறது. பக்கத்தில் உள்ளது அதைத் தயாராகக் கிடைத்த சேமிப்பாக உள்ளே இழுத்துக்கொள்ளும். சில இனங்கள் அதைச் சிதைத்து டிரைமெத்திலமின் என்ற மீன்வாடைப் பொருளை உண்டாக்கும். மீத்தேன் உண்டாக்கும் ஆர்க்கியாக்களில் (இவை பாக்டீரியாவிலிருந்து வேறான நுண்ணுயிர்க் குலம்) ஒரு பிரிவு அதையே உணவாகக் கொள்ளும். இது ஏன் முக்கியம் என்றால், சாதாரண நிலையில் மீத்தேன் உண்டாக்கிகளும் சல்பேட் சுவாசிப்பவையும் ஹைட்ரஜனுக்கும் அசிடேட்டுக்கும் சண்டை போடுகின்றன. சல்பேட் மிகுந்த இடத்தில் மீத்தேன் உண்டாக்கிகள் தோற்கும். டிரைமெத்திலமினுக்கோ சல்பேட் கூட்டம் பெரும்பாலும் போட்டிக்கு வருவதில்லை. உப்பு உருவாக்கிய உணவு, பழைய சண்டையிலிருந்து ஒரு பிரிவுக்கு ஒதுங்கிக்கொள்ள வழி தருகிறது. ஆனால் இது இறந்தவர் சொத்தில் நடக்கும் வாழ்க்கை. உப்பின் அளவை அது ஒரு துளியும் குறைப்பதில்லை.

உப்பும் உணவும் சேர்ந்து மிகுந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதைத் தோல் மண்டிக்காரர்கள் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். உப்பிட்ட தோல் அடுக்கு வெயில் காலத்தில் சில சமயம் சிவந்துவிடும். உப்பளத்து உப்போடு கூடவே வரும் ஆர்க்கியாக்களின் நிறம் அது. பாத்தி கட்டி வெயிலில் காய்ச்சிய உப்பில் அவை உயிரோடு இருக்கும். அவற்றுக்கு உப்பு துன்பமே இல்லை, தாய்வீடு. தோலின் புரதத்தை அவை அரித்துத் தின்னும். இத்தகைய ஆர்க்கியாக்களில் பல, ஹாலோசின் எனப்படும் நச்சுப் புரதங்களைச் சுரந்து தம் இனத்துக்கு நெருங்கியவற்றையே கொல்லும். மற்றவர்களால் நெருங்க முடியாத கடுமையில், தாக்குப்பிடித்தவர்களுக்குள் நடப்பது வெட்டுக்குத்து. கடுமை ஒற்றுமையைத் தரும் என்ற பொது விதிக்கு இது நேர் மறுப்பு.

குரோமியத்துக்கும் உப்புக்கும் நடுவே சல்பைடு. அது ஒருவரின் மூச்சு, இன்னொருவரின் நஞ்சு, மூன்றாமவரின் உணவு. குரோமேட்டை அடக்குவதால் அது நன்மை. மீத்தேன் உண்டாக்கிகளுக்குக் கேடு. காற்று மெல்லப் படும் விளிம்பில் வாழும் கந்தகப் பாக்டீரியாக்களுக்கு அதுவே சாப்பாடு. மனிதருக்கோ உயிர்கொல்லி. இந்த மாவட்டங்களில் தோல் ஆலைக் கழிவுத் தொட்டிகளில் இறங்கியவர்கள் நச்சுவாயுவில் மூச்சுத்திணறி இறந்த செய்தி ஒருமுறையோடு நின்றதில்லை. சல்பேட்டும் புரதமும் நிறைந்த, காற்றுப் புகாத தொட்டியில் நுண்ணுயிர்க் கூட்டம் எந்தப் பக்கம் சாயும் என்பது நன்றாகத் தெரிந்த பிறகும் அதற்குள் ஒரு மனிதரை இறக்குவது குற்றம். அதை விபத்து என்று எழுதக்கூடாது. 2015 ஜனவரி 31 அதிகாலையில் இராணிப்பேட்டை சிட்கோ வளாகத்துப் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்து ஆலையில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட பத்துப் பேர் கசடில் மூழ்கி இறந்தார்கள். அவர்களை மூடிய கசடு, பெருமளவுக்கு, இந்த நுண்ணுயிர்களின் உடல்களும் அவற்றால் தீர்க்க முடியாத உலோகமும் உப்பும்.

இவ்வளவு தெரிந்தும் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் ஒற்றை வீரனையே தேடுகின்றன என்பது என் வருத்தம். தோல் கழிவிலிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுப்பது, சத்து நிறைந்த ஊடகத்தில் வளர்ப்பது, குடுவையில் குரோமேட்டைப் போடுவது, இத்தனை மணி நேரத்தில் இத்தனை சதவீதம் குறைந்தது என்று எழுதுவது: இந்த அச்சில் வார்த்த கட்டுரைகள் நம் பல்கலைக்கழகங்களில் ஏராளம். உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் லோசான் சோதனை சொல்வதை இங்கே பொருத்திப் பாருங்கள். சத்தைச் சேர்த்த கணத்திலேயே உறவுகள் மாறிவிடுகின்றன. குடுவையில் வீரனாக நின்றது, தொட்டிக்குள் போனதும் பசியிலும் உப்பிலும் பழங்குடிகளின் நெரிசலிலும் காணாமல் போவதில் வியப்பில்லை. அது தனியாக எவ்வளவு குரோமேட்டைக் குறைத்தது என்பதைவிட, அது இருந்தால் வேறு யார் பிழைக்கிறார்கள், அதற்கு யார் துணை வேண்டும் என்பதே கேட்க வேண்டிய கேள்வி. எதிர்ப்புத் திறன் கொண்டது என்று ஒரு இனத்தைப் பாராட்டும்போது, அது பம்பு வைத்த எதிர்ப்பா, மாற்றும் எதிர்ப்பா என்று பிரித்துச் சொல்வது அடிப்படைக் கடமை. பம்பு வைத்த இனத்தைக் கழிவில் கொட்டுவதால் ஒரு கிராம் குரோமியமும் அடங்காது. மேலும், உலோக எதிர்ப்பு மரபணுக்கள் பல, பாக்டீரியாக்களுக்கிடையே கைமாறும் பிளாஸ்மிடுகளில் இருக்கின்றன. ஆன்டிபயாடிக் எதிர்ப்பு மரபணுக்களும் சில சமயம் அவற்றிலேயே சேர்ந்து பயணிக்கின்றன.

1991இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் ஊன்றியதில் இந்தத் தீர்ப்புக்குப் பெரும் பங்கு உண்டு. தோல் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் ஓரளவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமல் போனது என்ற ஆய்வையும் அது மேற்கோள் காட்டியது. 2025 ஜனவரி 30 அன்று அதே நீதிமன்றம் பாலாற்று மாசு குறித்து மறுபடியும் விரிவான உத்தரவு போட வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. பிறகு ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது என்ற விதி வந்தது. நுண்ணுயிர்த் தொட்டியைத் தாண்டிய நீரைச் சவ்வுகளில் அழுத்தி வடிகட்டி, எஞ்சிய உவர்நீரைக் கொதிக்கவைத்து வற்றச் செய்கிறார்கள். கடைசியில் மிஞ்சுவது கலப்பு உப்பு. அது எந்தத் தொழிலுக்கும் உதவாமல் மூட்டை மூட்டையாகச் சேர்கிறது. நுண்ணுயிர்களால் முடியாததை இயந்திரத்தாலும் முடியவில்லை: உப்பு இடம் மாறியதே தவிர, தீரவில்லை.

நுண்ணுயிர்களின் உறவு என்ற கோணத்திலிருந்து பார்த்தால் தொழில்முறையில் எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தெளிவாகிறது. ஊறவைக்கும் முன் தோலை உதறி, ஒட்டியிருக்கும் உப்பைத் தட்டி எடுப்பது பழைய, மலிவான வேலை; சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் போன்றவை வலியுறுத்தி வந்த வேலை. ஊறல் நீரை மற்றக் கழிவோடு கலக்காமல் தனிக் கால்வாயில் பிரித்து வெயில் பாத்திகளுக்கு அனுப்புவதும், குரோம் நீரைத் தனியே பிடித்துக் குரோமியத்தை மீட்பதும் அப்படியே. இவற்றைச் செலவுக் கணக்காக மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் இவை தொட்டிக்குள் இருக்கும் கூட்டுறவைக் காக்கும் வேலி.

நிலையான உப்புக்கு ஒரு கூட்டம் மெல்லப் பழகிவிடும். இனங்கள் மாறும், ஆனால் வேலை நடக்கும். ஒரு நாள் ஊறல் நீர் திடீரென்று வந்து மோதி, மறுநாள் மழைநீர் கலந்து தணிந்தால் பழக அவகாசமில்லை. முதலில் உதிர்பவர் நைட்ரைட்டை உண்ணும் அந்த இரண்டாமவராகவே பெரும்பாலும் இருப்பார். கசடின் நிறமும் வெளியேறும் நீரின் மற்ற அளவுகளும் கெடுவதற்கு முன்பே தொட்டியில் நைட்ரைட் ஏறிவிடும். அதை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். கல்லூரி ஆய்வுக்கூடத்தில் மாணவர்கள் செய்யும் நிறச் சோதனை போதும். ஒவ்வொரு பொது நிலையத்திலும் நைட்ரைட் அளவையும், அன்றைக்கு எந்த ஆலைகளிலிருந்து ஊறல் நீர் எவ்வளவு வந்தது என்பதையும் ஒரே பதிவேட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்து, அந்தப் பதிவேட்டை வாலாஜா அணைக்கட்டுக்குக் கீழே உள்ள ஏரிப் பாசன விவசாயிகளும் பார்க்கும்படி திறந்து வைக்க வேண்டும்.